கடைசிப் பந்தியில் வரும் ‘நாம்’

பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் என்னிடம் ஒரே ஒரு முடிவுரைதான் இருந்தது. எந்தத் தலைப்பில் கட்டுரை கேட்டாலும் அதுதான் கடைசிப் பந்தி. பதுளையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் நடந்த டியூஷன் வகுப்பில் ‘சேர்’ என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியர் அதைப் பலகையில் எழுதிப் போட்டார். “ஆகவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து இதனைப் பேணிப் பாதுகாத்து, வீட்டுக்கும் நாட்டுக்கும் பயனுள்ள நற்பிரஜைகளாக வாழ்வோமாக.” ‘இதனை’ என்ற இடத்தில் தலைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். மரம், நீர், நூலகம், தாய்மொழி, ஒற்றுமை எதுவானாலும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் நான்கு பெண்பிள்ளைகள் அந்த வகுப்புக்குப் போவோம். திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே அதைச் சொல்லிப் பார்த்தோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேருவதற்குள் மனப்பாடமாகிவிட்டது.

வீட்டில் கட்டுரைகளைச் சத்தமாகப் படிப்பேன். அம்மாவுக்கு நான் படிக்கிற சத்தம் பிடிக்கும். ஓர் அந்தி நேரம் அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அட்டை கடித்த காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ‘தேயிலை’ என்ற கட்டுரையை முதலிலிருந்து படித்து முடிவுக்கு வந்தேன். “ஆகவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து தேயிலையைப் பேணிப் பாதுகாத்து…”

“யாரு புள்ள அந்த நாம்?” என்று அம்மா கேட்டார்.

“எல்லாருந்தாம்மா.”

“எல்லாரும்னா?”

“நாட்டு மக்கள் எல்லாரும்.”

அம்மா காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நீ மலைக்கு வர்றதில்ல. ஒங்க டியூஷன் சேரும் வர்றதில்ல. தேயிலையப் பாதுகாக்கிறது நானும் இந்த லயத்துப் பொம்பளைங்களுந்தான். எங்களச் சொல்லாம எதுக்கு நாம்னு எழுதுற?”

“அப்பிடி எழுதுனாத்தாம்மா புள்ளி போடுவாங்க.”

“சரி, புள்ளிக்கு எழுது. ஆனா எனக்குக் கேக்குற மாதிரி படிக்காத.”

கோபமாகச் சொல்லவில்லை. சுடுதண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கடைசிப் பந்தி வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பரீட்சையிலும் அந்த ‘நாம்’ தான் எழுதினேன். தமிழுக்கு ‘ஏ’ கிடைத்தது. உயர்தரம், கல்வியியற் கல்லூரி, நியமனம் என்று எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்தன. அந்த முடிவுரை எனக்கு உதவவில்லை என்று சொன்னால் அது பொய்.

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலைக்கு என்னைத் தமிழ் ஆசிரியையாகப் போட்டார்கள். நான் கற்றதைத்தானே கற்பிக்க முடியும். முதல் வாரத்திலேயே பலகையில் “ஆகவே நாம் அனைவரும்” என்று எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அழகாகப் பிரதி செய்துகொண்டார்கள். சில வருடங்கள் அப்படியே ஓடின. பெறுபேறுகளும் மோசமில்லை. அதிபர் கூட்டங்களில் என்னை உதாரணமாகச் சொல்வார்.

ஒரு தவணைப் பரீட்சையின்போதுதான் அது உடைந்தது. பத்தாம் தரத்துக்கு ‘நான் சென்ற ஒரு பயணம்’ என்று ஒரு தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன், மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டும் வேலைக்குப் போன தன் அக்காவை அம்மாவோடு பார்க்கப் போனதை எழுதியிருந்தான். பஸ் கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அக்கா இவர்களைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பாதித் தூரம் ஓடி வந்து நின்றுவிட்டாள். கிட்ட வராதே, உடம்பெல்லாம் கரி என்றாள். எரித்த கரும்பின் கரி. அம்மா அந்தக் கரியோடேயே அவளைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது அம்மாவின் வெள்ளைச் சட்டையில் அக்காவின் இரண்டு கைகளும் தெரிந்தன.

இதை வாசித்துக்கொண்டு வந்தவள் அடுத்த வரியில் முட்டிக்கொண்டேன். “ஆகவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து பயணங்களைப் பேணிப் பாதுகாத்து, வீட்டுக்கும் நாட்டுக்கும் பயனுள்ள நற்பிரஜைகளாக வாழ்வோமாக.”

சிரிப்பு வந்தது. ஆசிரியர் அறையில் பக்கத்து மேசை டீச்சருக்கு வாசித்துக் காட்டலாம் என்று தாளை எடுத்தேன். வாசிக்காமல் மறுபடி கீழே வைத்தேன். அந்தப் பந்தியை எழுதியது அந்தப் பையன் அல்ல. நான்தான் எழுதினேன். அந்த அம்மாவின் சட்டையிலிருந்த கைகளை அழித்து, அதன் மேல் என் கையெழுத்தை எழுத வைத்திருக்கிறேன். மீதித் தாள்களைப் புரட்டினேன். நூலகம், கையடக்கத் தொலைபேசி, மழை நாள். எல்லாவற்றிலும் நான்.

அடுத்த நாள் வகுப்பில், “இனிமே யாரும் ஆகவே நாம்னு முடிக்கக் கூடாது,” என்றேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, “அப்ப எப்பிடி டீச்சர் முடிக்கிறது?” என்று கேட்டாள்.

முப்பது வயது தாண்டிய தமிழ் ஆசிரியை, வாழ்க்கையில் ஒரு கட்டுரையைக்கூடச் சொந்தமாக முடித்ததில்லை. “நாளைக்குச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு இலக்கணத்துக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் வீட்டில் நானே கட்டுரை எழுதிப் பார்த்தேன். தேயிலை பற்றி எழுதினேன், பஸ் பற்றி எழுதினேன். கட்டுரையின் நடுப்பகுதி எல்லாம் வந்தது. கடைசிப் பந்திக்கு வரும்போது பேனா தானாக ‘ஆகவே’ என்று எழுதியது. அதை வெட்டினால் ‘எனவே’ வந்தது. அதையும் வெட்டினால் மேலே சொன்னதையே திரும்பச் சொன்னேன். எனக்கே எரிச்சல் வந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு கட்டுரையின் முடிவை வெட்டி எடுத்து மற்றக் கட்டுரையின் அடியில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அப்போதுதான் ஒரு வழி பிடிபட்டது. இன்னொரு கட்டுரைக்குப் பொருந்துகிற முடிவு எந்தக் கட்டுரைக்கும் முடிவு இல்லை.

வகுப்பில் அதையே செய்தோம். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு கொப்பியை மாற்றிக்கொள்ள வேண்டும். அவருடைய முடிவை உன் கட்டுரையின் அடியில் வைத்து வாசி. பொருந்தினால் இரண்டு பேருமே திரும்ப எழுத வேண்டும். முதல் வாரம் வகுப்பே திரும்ப எழுதியது. இரண்டாம் வாரமும் அப்படித்தான். “டீச்சர், முந்தியதே நல்லா இருந்துச்சு,” என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. கையடக்கத் தொலைபேசியின் நன்மை தீமைகளை ஒன்றரைப் பக்கம் எழுதிய ஒருவன் இப்படி முடித்தான்: “எங்கள் வீட்டில் ஒரு போன்தான் இருக்கிறது. அது அப்பாவோடு கொழும்பில் இருக்கிறது. ஆகையால் மேலே நான் எழுதிய தீமைகள் எல்லாம் கேள்விப்பட்டவை.” பிளாஸ்டிக்கைத் தடை செய்ய வேண்டும் என்று வாதாடிய ஒருத்தி கடைசியில், “மழையில் கொழுந்தெடுக்கப் போகும் அம்மா உடம்பில் சுற்றிக்கொள்வது பிளாஸ்டிக் தாள்தான். அதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தடை செய்யுங்கள்,” என்று எழுதினாள்.

அவற்றை வாசித்தபோது முடிவுரை பற்றி எனக்கே சில விஷயங்கள் தெளிவாயின. வாதம் செய்கிற கட்டுரை என்றால் கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல்லிவிட வேண்டும். அனுபவம் என்றால் பாடம் சொல்லத் தேவையில்லை, கடைசியாகக் கண்டதைச் சொல்லி நிறுத்தினால் போதும். விவரம் சொல்கிற கட்டுரை என்றால், இவ்வளவும் எழுதிய பிறகு உனக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் நடுவில் ஏதோ குறைகிறது, அங்கே திரும்பிப் போக வேண்டும். இதையெல்லாம் நான் பலகையில் எழுதவில்லை. எழுதினால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அந்த வகுப்பில் லயத்தின் கடைக்கோடியில் உள்ள தொங்கல் வீட்டிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். மழைக் காலத்தில் அடிக்கடி பிந்தி வருவாள், கேட்டால் காரணம் சொல்லமாட்டாள். கல்வி வலய மட்டக் கட்டுரைப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து அவளை அனுப்பினோம். தலைப்பு அங்கேதான் கொடுப்பார்கள். அந்த முறை ‘இயற்கை அனர்த்தங்கள்’. எழுதிவிட்டு வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். “முடிச்சிட்டேன் டீச்சர்,” என்றாள். பரிசு கிடைக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தமிழ் ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு வைத்தார்கள். கட்டுரை கற்பித்தல் என்பதுதான் விஷயம். நடத்தியவர் ஆசிரிய ஆலோசகர் ஒருவர், பொறுமையாகப் பேசுகிற மனிதர். எல்லோருக்கும் புள்ளி போடும் முறை அச்சடித்த புள்ளித் தாளும், கூடவே மாதிரித் தாள் ஒன்றும் கொடுத்தார். ‘முடிவுரை மாதிரிகள்’ என்று தலைப்பு. கீழே பத்து மாதிரிகள். ஆகவே, எனவே, ஆதலால் என்று தொடங்கி, பத்தும் ‘வோமாக’ என்று முடிந்தன. தேநீருக்கு முன்னால், “எப்படி முடிக்கக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் காட்டுகிறேன்,” என்று சொல்லி வலயப் போட்டிக்கு வந்த ஒரு விடைத்தாளை எடுத்து வாசித்தார்.

“எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. வந்து பார்த்தவர்கள் சுவரில் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டு, மழை பெய்தால் கோயிலுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார்கள். மழை பெய்யும் நாளெல்லாம் போகிறோம். இயற்கையை யாராலும் தடுக்க முடியாது என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதினேன். ஆனால் எங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டுவதற்கு மழையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் இருப்பதையும் இயற்கை என்று எழுத எனக்குத் தெரியவில்லை.”

மண்டபத்தில் சிலர் தலையை ஆட்டினார்கள். பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். “பாருங்க, கட்டுரை முறைப்பாட்டுக் கடிதமா மாறிப் போச்சு,” என்றார் அவர். “முடிவுரைன்னா ஒரு நல்ல நோக்கத்தோட, ஒரு நம்பிக்கையோட முடியணும்.”

பிந்தி வந்த காலைகளுக்கெல்லாம் அப்போதுதான் எனக்குக் காரணம் கிடைத்தது. கோயில் தரையில் படுத்தெழும்பி வருகிற பிள்ளையிடம் நான் தாமதத்துக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து நின்றேன்.

“அது எங்க ஸ்கூல் பிள்ளையோட கட்டுரை சேர்.”

“பேர் சொல்லாமத்தானே வாசிச்சேன் டீச்சர்.”

“ஆமாங்க சேர். ஆனா கடைசிப் பந்திய மட்டும் வெட்டி எடுத்து வாசிச்சீங்க. முன்னுக்கு உள்ளதையும் வாசிச்சாத்தான் முடிவு பொருந்துதா இல்லையான்னு சொல்ல முடியும்.”

“அதுக்கு நேரம் பத்தாது.”

“ரெண்டு பக்கந்தான் சேர். நானே வாசிக்கிறேன்.”

நான் நடந்து முன்னால் போய்விட்டேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பத்து வருடக் கருத்தரங்குகளில் நான் வாயைத் திறந்ததே இல்லை. அவர் கொஞ்சம் தயங்கித் தாளைக் கொடுத்தார். அவள் புயல், வெள்ளம், வறட்சி என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடிதான் தொடங்கியிருந்தாள். மூன்றாம் பந்தியில் மண்சரிவு வந்தது. மண் சரிவதற்கு முன்னால் என்னென்ன அறிகுறி தெரியும் என்று எழுதியிருந்தாள். ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருமாம், கதவு சட்டத்தில் இறுகுமாம், நிலத்தில் கோடு விழுமாம். புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், “இதை நான் பார்த்திருக்கிறேன்” என்று ஒரு வரி. கடைசிப் பந்தியையும் விடாமல் வாசித்தேன்.

தாளை மேசையில் வைத்தேன். “இப்பச் சொல்லுங்க சேர். நீங்க தந்த புள்ளித் தாள்ல முடிவுரைக்கு நேரா ‘பொருத்தமான முடிவு’ன்னுதான் இருக்கு. இது எதுக்குப் பொருந்தல்ல?”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். “டீச்சர், நானும் லயத்துப் பிள்ளைதான். எங்க அப்பா தேயிலை ஸ்டோர்ல வேல செஞ்சாரு. இந்த ‘ஆகவே நாம்’ தான் என்ன இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு. நம்ம பிள்ளைங்க தாளத் திருத்துறவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. லயம்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரிஞ்ச முடிவக் குடுத்தா புள்ளி நிச்சயம். நீங்க பிள்ளைய வச்சு வீரம் காட்டுறீங்க. கொறஞ்ச புள்ளி வாங்கப் போறது நீங்க இல்ல, அந்தப் பிள்ள.”

அது எனக்கு நன்றாகவே உறைத்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது அந்த நேரமே எனக்குத் தெரியும். ஆனாலும் உட்காரவில்லை.

“நானும் அதே முடிவ எழுதித்தான் ‘ஏ’ எடுத்தேன் சேர். அதுக்கப்புறம் சொந்தமா ஒரு பந்தி முடிக்கத் தெரியாமலே டீச்சராகிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியுது. அதத் தெரியாததாக்குறதுக்கு எனக்குச் சம்பளம் தரல்ல. புள்ளி கொறையும்னா கொறைக்கிறவங்களோட பேசுங்க. நீங்க அந்த இடத்துல இருக்கீங்க. எழுதுனவளத் திருத்தச் சொல்லாதீங்க.”

“உட்காருங்க டீச்சர்,” என்றார். அவர் தந்த மாதிரித் தாளை மடிக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தேநீர் இடைவேளையில் சிலர் என்னைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். பதுளைப் பாடசாலை ஒன்றின் வயதான ஆசிரியை மட்டும் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்று, “அந்தக் கடைசி வரிய இன்னொருக்காச் சொல்லுங்க,” என்றார். சொன்னேன். கையில் இருந்த மாதிரித் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். கருத்தரங்குக்கு இடையூறு செய்தது பற்றியும், வழிகாட்டலுக்கு மாறாகக் கற்பிப்பது பற்றியும் எழுத்தில் விளக்கம் தரும்படி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதிபர் நல்லவர், பிரச்சினை என்றாலே தலைவலி வந்துவிடும் அவருக்கு. “நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க டீச்சர். கடைசியில மட்டும் ‘இனிமேல் இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்’ன்னு ஒரு வரி போட்டுடுங்க. எல்லாரும் அப்பிடித்தான் முடிப்பாங்க. அதோட ஃபைல மூடிடுவாங்க.”

வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த விளக்கக் கடிதத்தை எழுதினேன். மண்டபத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இடையில் எழுந்து முன்னால் போனது முறையில்லை என்றும், அதற்கு வருந்துகிறேன் என்றும் எழுதினேன். அது உண்மை. பிறகு கடைசிப் பந்தி. அதிபர் சொன்ன வரி பேனாவின் நுனியிலேயே இருந்தது. எழுதினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் எழுதியது இது: “கொப்பிகளை மாற்றி முடிவுரைகளைப் பரிசோதிக்கும் முறையை நான் இந்தத் தவணையிலும் செய்கிறேன். அடுத்த தவணையிலும் செய்வேன். அது தவறு என்றால் எந்தப் பிள்ளையின் எந்த முடிவு தவறு என்று குறிப்பிட்டு அறியத் தாருங்கள்.”

அதிபர் அதை மூன்று முறை வாசித்தார். “இது மன்னிப்புக் கடிதம் மாதிரி இல்லையே டீச்சர்.”

“அவங்க மன்னிப்புக் கேக்கல்ல சேர். விளக்கம் கேட்டிருக்காங்க.”

“கடைசிப் பந்திய எடுத்துட்டா என்ன?”

“எடுத்துட்டா மேல எழுதுனதுக்கு அர்த்தமில்லாமப் போயிடும்.”

பெருமூச்சு விட்டுக்கொண்டே கையொப்பம் வைத்து அனுப்பினார். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வலயத்தில் தாள் திருத்தவோ கருத்தரங்குக்கோ என்னைக் கூப்பிடவும் இல்லை. முதல் வருடம் அது உறுத்தியது. வேறு டீச்சர்மார் சனிக்கிழமை வெள்ளைச் சேலையோடு பதுளை பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் வேறு பாதையால் போய்விடுவேன். இப்போது பழகிவிட்டது.

பழகாமல் நின்றது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான். கொறஞ்ச புள்ளி வாங்கப் போறது அந்தப் பிள்ள. பதினோராம் தரத்தில் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய கட்டுரையை மண்டபத்தில் வாசித்ததையும் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “எங்க லயத்தப் பத்தி அத்தன பேருக்கிட்டயும் வாசிச்சீங்களா டீச்சர்?”

“ஆமா. ஒன்கிட்ட கேக்காம வாசிச்சது பிழைதான்.”

பிறகு, “யாராச்சும் அழுதாங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. ஒருத்தரும் அழல்ல.”

“அப்ப பரவாயில்ல. அழுறதுக்கு எழுதல்ல.”

நான் விஷயத்துக்கு வந்தேன். “பரீட்சையில என்ன எழுதுறதுன்னு நீதான் யோசிக்கணும். அந்த சேர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. திருத்துறவங்க எப்பிடி எடுத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. பழைய முடிவ எழுதினா நான் ஒன்னும் நெனைக்கமாட்டேன்.”

“நீங்கதானே டீச்சர் எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். ஒன்னோட பரீட்சையில நான் வந்து உட்காரப் போறதில்லையே.”

“எனக்கு ரெண்டும் தெரியும்,” என்றாள். “தலைப்பப் பாத்துட்டு நானே முடிவு பண்ணிக்கிறேன். நீங்க பயப்படாதீங்க.”

என் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை அப்படிச் சொல்லிவிட்டுப் போனபோது, எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. நான் ஒரு மண்டபத்தை எதிர்த்துப் பேசி, ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். இவள் என்னடாவென்றால் அதை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுப் போகிறாள். அந்தக் கோபம் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிட்டது. தன் முடிவை அவளே எழுதட்டும் என்றுதானே நான் மண்டபத்தில் கேட்டேன்.

பெறுபேறு வந்தது. தமிழுக்கு ‘பி’. எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்திருந்தாள். பதுளையில் கலைப் பிரிவில் உயர்தரம் படிக்க இடம் கிடைத்தது. சான்றிதழ் வாங்க வந்தவள் என்னைத் தேடி வகுப்புக்கு வந்தாள். லயம் அப்படியேதான் இருக்கிறதாம். சுவரில் இருந்த அடையாளம் மங்கிப்போனதால் போன மாதம் வந்து புதிதாகப் பூசிவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. “கட்டுரையில எந்த முடிவு எழுதுன?”

“சொல்லமாட்டேன் டீச்சர்.”

“ஏன்?”

“பழசுன்னு சொன்னா நீங்க மனசு நோவீங்க. புதுசுன்னு சொன்னா, அதாலதான் ‘ஏ’ வரல்லன்னு அந்த சேர் சொல்லுவார். ரெண்டு பேருக்கும் நான் எதுக்குச் சாட்சி சொல்லணும்?”

வகுப்பில் பிள்ளைகள் கொப்பிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவனின் முடிவு தன் கட்டுரைக்கு அச்சாகப் பொருந்துகிறது என்று எழுந்து நின்று சொன்னான். அவள் வாசலில் நின்று அதைக் கேட்டாள். உள்ளே வந்து, அவன் பக்கத்தில் குனிந்து, அந்தக் கொப்பியின் கடைசிப் பந்தியை வாசித்தாள். “இத வெட்டுங்க தம்பி, நேத்து என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு, என்னிடம் போயிட்டு வாறேன் டீச்சர் என்று தலையை ஆட்டி, பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.